பாயா, பொறியா? – கடலோரத்து மரக்கலமும் ஆம்பூர்த் தோலும்

ஆம்பூர் என்றதும் வரலாற்று மாணவர்க்கு நினைவில் எழுவது, 1749ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் உயிர் நீத்த போர்க்களம். வணிகர்க்கு நினைவில் எழுவது தோல். கடலை நினைப்பார் எவருமிலர். ஆம்பூருக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நிலம் கிடக்கிறது. ஆயினும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி விரிந்து கிடக்கும் தோல் நகரங்களின் வாழ்வும் தாழ்வும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பலை நம்பியே இருந்து வந்திருக்கின்றன. இங்கே பதனிடப்பட்ட தோலின் பெரும்பகுதி கடல் கடந்து சென்று விலையானது.

நம் சமுதாயத்தின் பொருளாதார வரலாறு பேசப்படும் இடங்களில் ஒரு தீர்ப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ‘கடலோரத்து மரக்காயர்கள் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்; காலத்தோடு நடக்கவில்லை; ஆகவே கடலை இழந்தார்கள். உள்நாட்டுத் தோல் வணிகர்களோ நீராவிக் கப்பலின் அருமையை அறிந்தார்கள். ஆகவே உயர்ந்தார்கள்’ என்பதே அத்தீர்ப்பு. கேட்பதற்கு எளிதாகவும், இளைஞர்க்குப் புத்தி சொல்ல வசதியாகவும் இருப்பதனால் இக்கருத்து நிலைத்துவிட்டது. இது நீதியான தீர்ப்புத்தானா? பாய்க்கப்பலுக்கும் பொறிக்கப்பலுக்கும் இடையே நம்மவர் செய்த தேர்வு எத்தகையது? அதனைச் சற்று நின்று நோக்குவது இன்றைக்கும் பயனுள்ளது என்று கருதுகிறோம். ஏனெனில் அதே தேர்வு வேறு உருவத்தில் இன்றும் நம் கடலோரங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

காற்றை நம்பிய வணிகம்

‘மரக்காயர்’ என்னும் பெயர் மரக்கலத்தால் வந்தது என்பாரும், கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லால் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் அப்பெயரிலேயே கப்பல் இருக்கிறது. பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து துணியும் அரிசியும் ஏற்றிச் சென்ற கலங்கள் அச்சையும் கெடாவையும் மலாக்காவையும் தொட்டன. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்து, உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கப்பல் வணிகரே. ஆங்கிலேயர் 1786இல் பினாங்கில் குடியேற்றம் நிறுவியபோது நம்மவர் அங்குச் சென்று கடை விரித்தனர். இன்றும் அந்நகரில் நிற்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் எழுந்த சூலியாப் பள்ளிவாசலும், அதனையடுத்துக் கட்டப்பட்ட நாகூர்த் தர்கா நினைவிடமும் பாய்க்கப்பல் கொண்டுசேர்த்த மக்களின் சின்னங்களாகும். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை ஷாகுல் ஹமீது ஆண்டகை அவர்கள் கரையிலிருந்தே காத்தார்கள் என்று நாகூரில் வழங்கும் செவிவழிச் செய்தியை நோக்குங்கள். கப்பலோட்டிகளின் அச்சமும் நம்பிக்கையும் அதனுள்ளே உறைந்திருக்கின்றன.

இவ்வணிகத்திற்கு நாட்காட்டி காற்றே. கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று திசைதோறும் காற்றுக்குப் பெயர் வைத்திருந்தவர்கள் அவர்கள். தென்மேற்குக் காற்றில் கிழக்கே போவதும், வடகிழக்குக் காற்றில் திரும்புவதும் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் புயல் அடிக்கும். அப்போது கலங்கள் கரையேறிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் இல்லை. அக்கரையில் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்கவேண்டிவரும். அப்படித் தங்கியவர்கள் அங்கே மணம் புரிந்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், மொழி கற்றார்கள். காற்று தந்த ஓய்வே ஒரு பண்பாட்டை வளர்த்தது எனலாம்.

பாய்க்கப்பலின் நிறைகளை முதலில் கணக்கிடுவோம். காற்றுக்கு விலை இல்லை. கலத்தை ஊர்த்தச்சரே கட்டுவார். பழுதானால் ஏதேனும் ஒரு கழிமுகத்தில் கரையேற்றி அவரே சீர்செய்வார். ஆழமான துறைமுகம் வேண்டியதில்லை. ஆற்று வாயே போதும். முதலும் ஒருவரிடமே இருக்கவேண்டியதில்லை. பயணத்துக்குப் பயணம் பலர் கூட்டுச் சேர்ந்து பொருள் போடுவர்; நாகுதா சரக்கோடு செல்வார்; திரும்பி வந்ததும் கணக்கு முடித்து ஆதாயத்தைப் பங்கிடுவர். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, ஆதாயம் இருவர்க்கும் பொது என்னும் ‘முளாரபா’ முறை இஸ்லாமிய வணிக உலகெங்கும் அறியப்பட்டதே. வட்டியின் நிழல் படாத இம்முறைக்குப் பாய்க்கப்பல் மிகவும் இசைந்த ஊர்தி.

குறைகளும் இல்லாமல் இல்லை. புறப்படும் நாளைச் சொல்லலாம். சேரும் நாளைச் சொல்ல இயலாது. காற்று ஓய்ந்தால் கலம் நின்றுவிடும். கடலில் ஓடும் மரக்கலங்களையும் அவற்றைச் செலுத்தும் காற்றையும் இறைவனின் அத்தாட்சிகளாகத் திருமறை பல இடங்களில் நினைவூட்டுவதன் பொருளை, காற்றற்ற கடலில் பத்து நாள் கிடந்த மாலுமியைப்போல் உணர்ந்தவர் வேறு எவரும் இருந்திருக்க முடியாது.

நீராவி வென்றது எவ்வாறு?

நீராவிக் கப்பல் வந்த அன்றே பாய்க்கப்பல் தோற்றுவிட்டது என்று எண்ணுவது தவறு. தொடக்ககால நீராவிக் கப்பல்கள் நிலக்கரியை ஏராளமாக விழுங்கின. நெடுந்தூரம் செல்லவேண்டுமானால் கப்பலின் வயிற்றில் பெரும்பகுதியைக் கரியே அடைத்துக்கொள்ளும், சரக்குக்கு இடமிராது. ஆகவே அவை தபாலையும், வசதி படைத்த பயணிகளையும், விலையுயர்ந்த சிறு சரக்கையுமே ஏற்றின. 1850களில் கணக்குப் பார்த்த ஒரு வணிகர் ‘பாய்க்கப்பலே இலாபம்’ என்று முடிவு செய்திருந்தால், அம்முடிவு சரியானதே.

நிலைமையை மாற்றியவை மூன்று. முதலாவது, 1860களில் ஆல்பிரெட் ஹோல்ட் போன்றோர் கடற்பயணத்திற்கு ஏற்றவாறு செம்மைப்படுத்திய கூட்டு விசைப்பொறி. ஒரே நீராவியை இருமுறை வேலை வாங்கிய இப்பொறி, கரிச்செலவைப் பெரிதும் குறைத்தது. இரண்டாவது, 1869 நவம்பர் 17இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய். ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் வழியைவிட பம்பாய்–இலண்டன் தொலைவை அது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைத்தது. ஆனால் அக்குறுக்கு வழி நீராவிக் கப்பலுக்கே பயன்பட்டது. ஒடுங்கிய கால்வாயிலும், காற்று ஒத்துழைக்காத செங்கடலிலும் பெரிய பாய்க்கப்பல் செல்வது அரிது. மூன்றாவது, அரசின் கை. 1856இல் கல்கத்தா–பர்மா வழியில் தொடங்கப்பட்டு, 1862இல் ‘பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி’ என்று பெயர் மாறிய நிறுவனம், தபால் ஒப்பந்தத்தின் மூலம் அரசுப் பணத்தை ஆண்டுதோறும் பெற்றது. சரக்கு நிறையாவிட்டாலும் அதன் கப்பல் குறித்த நாளில் புறப்பட முடிந்தது அதனாலேதான். தபால் பை ஏற்றாத மரக்காயருக்கு அந்த உதவி இல்லை.

மரக்காயர் ஏன் நீராவிக் கப்பல் வாங்கவில்லை என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். இரும்புக் கப்பலை ஊர்த்தச்சர் கட்ட இயலாது, இங்கிலாந்திலிருந்து வாங்கவேண்டும். பொறியாளர் அங்கிருந்து வரவேண்டும். கரி வாங்கவேண்டும், துறைதோறும் ஏஜெண்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணம் முடிந்ததும் கணக்கு முடிக்கும் கூட்டு இதற்கு உதவாது. ஆண்டுக்கணக்கில் திரும்பப் பெறாமல் போட்டு வைக்கும் பெருமுதல் வேண்டும். ஒரு புயலில் மரக்கலம் போனால் ஒரு குடும்பம் தத்தளிக்கும். ஒரு நீராவிக் கப்பல் போனால் ஊரே தத்தளிக்கும்.

ஆகவே அவர்கள் தங்கள் நிலையில் அறிவுக்கு உகந்ததைச் செய்தார்கள். தூரக்கடலை விட்டுக்கொடுத்து, நீராவிக் கப்பல் நுழையாத சிறு துறைகளுக்கிடையே கரையோர வணிகத்தையும் இலங்கை வணிகத்தையும் பிடித்துக்கொண்டார்கள். மற்றும் பலர் நீராவிக் கப்பலிலேயே சீட்டு வாங்கிச் சென்று பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் கடை வைத்தார்கள். கலத்தை இழந்தனரேயன்றி வணிகத்தை இழக்கவில்லை. இழப்பு நேர்ந்தது துறைகளுக்கே. பெருங்கப்பல் நிற்கும் துறைகள் சிலவே வளர, ஆற்று வாயில் இருந்த ஊர்கள் பல அடங்கின. தச்சரும், பாய் தைப்போரும், கயிறு திரிப்போரும் பிழைப்பிழந்தனர். வரலாறு எழுதுவோர் இவர்களையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

தோல் தேர்ந்த கப்பல்

இனி, கடலற்ற ஊர்களுக்கு வருவோம். தென்னாட்டின் முதல் புகைவண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அப்பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, சோலையார்பேட்டை வழியே நீண்டு 1862இல் மேற்குக் கரையின் பேப்பூரை எட்டியது. தோல் நகரங்கள் பல ஒரே இருப்புப்பாதையில் கோத்த மணிகளாயின. மாட்டுவண்டியில் பல நாள் சென்ற சரக்கு ஒரே நாளில் சென்னையை அடைந்தது.

ஆனால் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கும். 1861இல் இரும்புப் பாலமொன்று கடலுக்குள் அமைக்கப்பட்டது. பின்னர்க் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தெறிந்தது. ஆம்பூர்த் தோல் இலண்டன் போகவேண்டுமானால், புகைவண்டி, தைத்த படகு, பெருங்கப்பல் என்று மூன்று காலங்களின் ஊர்திகளில் ஏறவேண்டியிருந்தது.

அந்நாளில் ஏற்றுமதியானது முழுதும் முடிக்கப்பட்ட தோலன்று. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பாதி பதனிட்ட தோலே ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் இலண்டன் ஏலங்களில் விலை போயிற்று. புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதனிடும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்பர். தமிழ் பேசும் லெப்பைமாரும் உருது பேசும் முஸ்லிம்களும் இத்தொழிலில் பெருமளவில் இறங்கினர். சென்னைப் பெரியமேட்டில் தோல் மண்டிகள் பெருகின.

தோல் வணிகர் நீராவிக் கப்பலைத் தேர்ந்ததற்குக் காரணம், அவர்கள் மரக்காயரைவிட முற்போக்காளர் என்பதன்று. சரக்கின் இயல்பே காரணம். பதனிட்ட தோல் அழுகாது, ஆனால் ஈரக்காற்று நிறைந்த கப்பலறையில் மாதக்கணக்கில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், நிறம் மங்கும், தரம் இறங்கும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பல் நான்கைந்து மாதம் எடுத்துக்கொள்ளும். கால்வாய் வழி செல்லும் நீராவிக் கப்பலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஏலம் குறித்த காலத்தில் நடப்பது. தவறினால் அடுத்த ஏலம்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் விலை எங்கே போகும் என்று எவரும் சொல்ல இயலாது. பணம் விரைவில் திரும்பினால் அதே முதலைக் கொண்டு ஆண்டில் பலமுறை பச்சைத் தோல் வாங்கலாம். அரிசிக்கும் ஓலைக்கும் ஓட்டுக்கும் இத்தகைய அவசரம் இல்லை. ஆகவே அவை பாய்க்கப்பலிலேயே பல்லாண்டுகள் சென்றன.

இன்னொன்றும் உண்டு. தோல் வணிகர் நீராவிக் கப்பலை வாங்கவில்லை. அதில் இடத்தையே வாங்கினார்கள். கப்பலின் முதலும் அபாயமும் வெள்ளையருடையவை. சரக்கு மட்டுமே நம்மவருடையது. மரக்காயரையும் இவர்களையும் ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. ஒருவர் கப்பலுக்கு உடையவர். மற்றவர் கப்பலுக்கு வாடிக்கையாளர். வாடிக்கையாளர் கப்பலை மாற்றுவது எளிது. உடையவர் மாற்றவேண்டுமானால் தம் முதலை, தச்சரை, மாலுமியை, ஊரையே மாற்றவேண்டும்.

வாடிக்கையாளராக இருப்பதன் விலையும் பின்னர்த் தெரியவந்தது. 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. பின்னர்ப் பிரிட்டிஷ் அரசு படைவீரர் காலணிகளுக்காகக் கிழக்கிந்தியத் தோலைத் தானே கொள்முதல் செய்தது. கப்பலில் யாருடைய சரக்குக்கு இடம், என்ன கூலி என்பதெல்லாம் கப்பலுக்கு உடையவன் கையில் இருந்தது. இலாபம் வந்த ஆண்டுகள் உண்டு. ஆனால் அதன் கடிவாளம் நம் கையில் இல்லை.

பெற்ற செல்வத்தைத் தோல் வணிகர் வீணாக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1919இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரியும், வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் மேல்விஷாரத்தில் 1965இல் அமைந்த கல்லூரியும் அதற்குச் சான்று. கப்பல் கொண்டுவந்த பணத்தில் பெரும்பங்கு பள்ளிக்கூடமாயிற்று.

உடையவராக முயன்ற ஒரு முறை

‘நம்மவர் நீராவிக் கப்பல் வாங்கியிருக்கலாமே’ என்போர்க்கு வரலாறு ஒரு விடையை வைத்திருக்கிறது. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிம் வணிகருடையது என்பதை நாம் பெருமிதத்தோடு நினைவுகூரவேண்டும். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஓடின.

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இலவசமாக ஏற்றவும் முன்வந்தது. அரசு வேறொரு கருவியை எடுத்தது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். அவ்வாண்டிலேயே கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பொறி இருந்தது; முதல் இருந்தது; மாலுமிகள் இருந்தனர்; மக்கள் ஆதரவும் இருந்தது. இத்தனை இருந்தும் நீராவிக் கப்பலின் உடைமை நமக்கு வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில், தேசிய எழுச்சியின் துணையோடு நடந்த முயற்சிக்கே இக்கதியென்றால், 1870களில் தனித்து நின்ற பரங்கிப்பேட்டை மரக்காயரைக் குறை கூறுவது எவ்வளவு பொருந்தும்?

பாய் சாகவில்லை

பாய்க்கப்பல் தன் தகுதியால் நின்ற இடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் இருபாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். சிறு பாய்ப்படகில் முன்பே உலகைச் சுற்றி வந்தவர் அவர். ஆகவே கலத்தின் தரம் அறிந்தவர். வல்வெட்டித்துறை மாலுமிகளே அக்கப்பலைச் செலுத்திச் சென்று 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர். பொறிக்கப்பல்கள் உலகை ஆண்ட காலத்தில், ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள தமிழ் மரக்கலம் அட்லாண்டிக்கைக் கடந்தது. நம் தச்சரின் கைத்திறன் குறைந்ததனால் கடல் கைவிட்டுப் போகவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. தூத்துக்குடித் தோணிகளும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பாயை விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றின; பின்னரே பொறி பொருத்திக்கொண்டன.

இராமேசுவரத்தில் பயணிகளைப் படகேற்றிப் பிழைத்த மரக்காயர் குடும்பமொன்றை நாடே அறியும். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் புகைவண்டி அவ்வணிகத்தை விழுங்கிற்று. அக்குடும்பத்து ஜைனுலாப்தீன் மரக்காயர், பின்னரும் கடற்கரையில் தம் கையால் மரப்படகு கட்டுவித்து யாத்திரிகரை ஏற்றினார். அதனையும் ஒரு புயல் கொண்டுபோயிற்று. படகு உருவாவதை அருகிருந்து பார்த்த சிறுவரே பிற்காலத்துக் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

விசைப்படகு தந்ததும் பறித்ததும்

நாடு விடுதலை பெற்றபின் பாயா பொறியா என்னும் கேள்வி மீனவர் குடிசைக்கு வந்து சேர்ந்தது. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்த ஒப்பந்தத்தின்படி கொல்லத்தையடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. நாட்டுப்படகுக்குப் பொறி பொருத்துவதே முதல் நோக்கம். ஆனால் வெளிநாடுகள் இறாலுக்கு நல்ல விலை கொடுக்க முன்வந்ததும், கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி விசைப்படகுகள் பெருகின. தமிழகமும் அவ்வழியே சென்றது.

விசைப்படகின் பயன் சிறிதன்று. காற்றுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை, தொலைவு போகலாம், புயல் வருமுன் திரும்பலாம், துடுப்பு வலித்த தோள்களுக்கு ஓய்வு. ஆனால் பாய் கேட்காத மூன்றைப் பொறி கேட்டது: டீசல், கடன், இடைவிடாத மீன். மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடன் வளரும். ஆகவே படகு ஓய முடியாது. ஆழம் குறைந்த பாக்கு நீரிணையில் இழுவை மடி கடலடியை உழுது சென்றது. குஞ்சும் முட்டையும் அதில் வந்தன. பாய் வள்ளத்தில் சென்று சங்கு குளித்த கீழக்கரையின் நீரடித் தொழிலாளர்க்குக் கடலடியே வாழ்வு. நாட்டுப்படகினர்க்கும் விசைப்படகினர்க்கும் மோதல்கள் நிகழ்ந்தன. 1983இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைல்வரை நாட்டுப்படகுக்கு ஒதுக்கிற்று. 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் வரையப்பட்ட எல்லைக்கு அப்பால் படகுகள் செல்வதும், இலங்கைக் கடற்படையிடம் சிக்குவதும் தொடர்ந்தன. அக்கரையில் பாதிக்கப்பட்டவரும் தமிழ் மீனவரே. 2017இல் இலங்கை இழுவை மடியையே சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில், பாக்கு நீரிணை விசைப்படகுகளுக்குப் பதிலாக, படகொன்று 80 இலட்சம் ரூபாய் மதிப்பில், 2,000 ஆழ்கடல் படகுகள் கொடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்விலக்கில் சிறு பகுதியே நிறைவேறியது.

இங்கே ஆம்பூரை மீண்டும் நினைக்கவேண்டியிருக்கிறது. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோம் உப்பு சில நாட்களில் முடித்தது. சென்னையில் ஆல்பிரெட் சாட்டர்டன் 1903இல் சோதனையாகத் தொடங்கிய அம்முறை, 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி முடித்த தோலை ஊக்குவித்தபின் பெரிதும் பரவியது. அந்நியச் செலாவணி குவிந்தது; பாலாற்று மணலும் கிணற்று நீரும் அதன் விலையைக் கொடுத்தன. 1996 ஆகஸ்டு 28இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காகப் பேச நேர்ந்ததென்றால், நோய் இன்னும் தீரவில்லை என்பதே பொருள்.

பட்டையை விட்டுக் குரோமுக்கும், பாயை விட்டு இழுவை மடிக்கும் மாறியவர்கள் தீயவரல்லர். விரைவு இலாபம் தந்தது, அரசு ஊக்கியது, வெளிநாடு வாங்கியது. ஆனால் இரண்டிலும், விரைவின் கூலியைக் கொடுத்தவர் கணக்குப் புத்தகத்தில் இடம்பெறாதவர். ஆற்றங்கரை உழவரும், வள்ளத்து மீனவரும் அவ்விலையைப் பேசித் தீர்மானித்த சபையில் இல்லை.

நாம் எழுதவேண்டிய வரலாறு

ஆகவே பாயா பொறியா என்னும் கேள்விக்கு ஊர்தியை மட்டும் பார்த்து விடை சொல்வது இயலாது. ஏற்றும் சரக்கு எத்தகையது, முதல் யாருடையது, அரசு யார் பக்கம், செலவின் எச்சம் யார் தலையில் என்னும் நான்கையும் சேர்த்தே கேட்கவேண்டும். கேட்டால், மரக்காயர் சோம்பியவராகவும் தோல் வணிகர் விழித்தவராகவும் தோன்றமாட்டார்கள். இருவரும் தத்தம் நிலையில் கணக்கறிந்து நடந்தவர்கள். ஒருவர் துறைகளை வெறுமையாக்கிய அதே நீராவி மற்றவர் மண்டிகளை நிறைத்தது. இவ்விரு வரலாறுகளையும் தனித்தனியே எழுதி வந்ததனால்தான் ஒருவரைப் புகழ மற்றவரை இகழவேண்டியதாயிற்று.

அவ்வரலாற்றை முழுமையாக எழுதச் சான்றுகள் வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பழைய வீடுகளின் பெட்டிகளில் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் பேரேடுகளும் இருக்கக்கூடும். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளிலும் பெரியமேட்டு மண்டிகளிலும் கப்பல் கூலிச் சீட்டுகளும் ஏலக் கணக்குகளும் இருக்கக்கூடும். வீடு இடிக்கும்போது இவை பழைய தாள் கடைக்குப் போகாமல் காப்பது நம் கடமை. ஊர் ஜமாஅத்துகளும் நம் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் இதனை ஏற்றுச் செய்யட்டும். ஒரு நாகுதாவின் பயணக் கணக்கையும் அதே ஆண்டின் தோல் வணிகர் கணக்கையும் அருகருகே வைத்துப் படிக்கும் நாளில், நம் முன்னோரைப் பற்றிய தீர்ப்பை அவர்கள் கைப்பட எழுதிய எண்களைக் கொண்டே எழுதலாம், இன்ஷா அல்லாஹ்.